குன்றுக்கு ஆள் பிடித்தவள்

ரோண்டா ஹேவர்காம்ப்புக்குக் குன்று என்றாலே இளக்காரம். எங்கள் ஊரில் குன்று என்று சொன்னால் அது பல்கலைக்கழகம். நாலாபக்கமும் சோளக்காடு தட்டையாகக் கிடக்கிற ஊர் இது. நடுவில் ஒரு சின்ன மேடு, அதன் தலையில் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த மேட்டில் ஏறி நின்றவனுக்கெல்லாம் மலையுச்சியில் நிற்கிற நினைப்பு வந்துவிடும். கீழே இருக்கிற நாங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டோம். சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் தெரிவோம்.

ரோண்டாவுக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்தக் குன்றுதான். வருகையாளர் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. பிள்ளைக்கு இடம் பார்க்க வருகிற குடும்பங்களை உட்காரவைத்து, திரையில் படம் ஓட்டி, 'நம் பல்கலைக்கழகம்: ஒரு பார்வை' என்று அரைமணி நேரம் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் ஊதாச் சட்டை போட்ட மாணவர்கள் வந்து கும்பலை வெளியே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஊதாச் சட்டைக்காரன் பின்பக்கமாக நடந்தபடியே பேசிக்கொண்டு போக வேண்டும், வந்தவர்களுக்கு முதுகு காட்டினால் மரியாதைக் குறைவாம். அந்தப் பின்நடையைப் பழக்கிவிடுவதும் ரோண்டாதான். வருஷத்துக்கு ஒருத்தனாவது குப்பைத்தொட்டியில் போய் விழுவான். "எங்க போறோம்னு பாக்காம நடக்கறதுதான் அங்க முதல் பாடம்" என்பாள் ரோண்டா.

இதையெல்லாம் அவள் சொல்வது வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில். முன்னாள் படைவீரர் கூடத்தில் அன்றைக்கு மீன் வறுப்பார்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவோம். குன்றுக்காரர்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள், எண்ணெய் ஒத்துக்கொள்ளாதாம். இரண்டு பியர் உள்ளே போனதும் ரோண்டா எழுந்து நின்று, பகலில் பேசிய அதே 'ஒரு பார்வை'யை எங்களுக்காக இன்னொரு தடவை பேசுவாள். இந்தத் தடவை பூசி மெழுகாமல்.

உலகத் தரமான ஆய்வு என்று பகலில் சொன்னாளா, எந்த உலகத்தில் என்று இங்கே கேட்பாள். ஒரு பேராசிரியர் எங்கள் ஊர் ஏழைகளை ஆராய்கிறேன் என்று வீடுவீடாக வந்து, பாட்டி தாத்தா வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனார். புத்தகம் வந்தது, பரிசு வந்தது, அவருக்கு ஏரிக்கரையில் வீடும் வந்தது. ஏழைகள் இருந்த இடத்திலேயேதான் இருந்தார்கள். தத்துவத் துறைக்குப் பன்றிப்பண்ணை முதலாளி ஒருத்தர் பணம் கொடுத்தார் என்று கட்டடத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள். வாழ்க்கையின் பொருள் என்ன என்று யோசிக்க இப்போது அந்த ஆள் பேருக்குக் கீழே நுழைந்துதான் போக வேண்டும். முற்றத்தில் ஒரு வெண்கல நீர்நாய் இருக்கிறது, அதுதான் அவர்கள் கால்பந்து அணியின் சின்னம். அதன் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று வந்தவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்களும் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துத் தடவவைப்பார்கள். குடித்துவிட்டு வருகிற பையன்கள் ராத்திரியில் அந்த மூக்கின் மேல் என்ன பெய்கிறார்கள் என்பது ரோண்டாவுக்கும் தெரியும், காவல்காரனுக்கும் தெரியும்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எங்கள் தெருக்களில் வீடுகளை அறை அறையாக அறுத்து மாணவர்களுக்கு விட்டுவிட்டார்கள். கூரை மேல் சோபா, புல்தரையில் வாந்தி, ஆட்டம் நடக்கிற சனிக்கிழமையில் சொந்த வீட்டுக்குப் போக வழியிருக்காது. சிரிக்காமல் என்ன செய்வது? ரோண்டா பேசினால் எங்கள் எல்லோர் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கும்.

ரோண்டாவின் அப்பா குன்றில் கொதிகலன் பார்த்தவர். அந்தக் காலத்தில் இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளியில் படித்து ஒழுங்காகத் தேறினாலும் குன்றில் இடம் உண்டு. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ரோண்டாவும் அப்படித்தான் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, அவள் நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நூலகத்திலிருந்து மட்டும் இரண்டு புத்தகத்தைக் கேட்டு ஆள் வந்தது. அப்புறம் கல்யாணம், உணவகத்தில் கொஞ்ச காலம், பல் டாக்டரிடம் கொஞ்ச காலம். கடைசியில் குன்றிலேயே இந்த வேலை. குரல் நல்ல குரல், அதனால் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அரைமணிப் பேச்சில் ஒரே ஒரு வரியை மட்டும் அவள் வெள்ளிக்கிழமை மேஜையில் கிண்டல் செய்ததில்லை. வாசல் கல்லில் செதுக்கியிருக்கிற வரி அது: 'இம்மாநில மக்களின் பிள்ளைகளுக்காக.' அதைச் சொல்லும்போது கூடத்திலும் அவள் குரல் தானாகத் தணியும். மற்றதெல்லாம் வெத்துவேட்டு, இது ஒன்று நிஜம் என்று நம்பினாள். குன்று எப்படியும் நம்முடையது, இந்த அலட்டல்காரர்கள் இன்றைக்கு வருவார்கள் நாளைக்குப் போவார்கள் என்பது அவள் எண்ணம். ஊரார் காதில் பூச் சுற்றுகிற பேச்சைத் தினமும் பேசிவிட்டு, அதில் ஒரு பூவைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள் பாவம்.

சில வருஷங்களுக்கு முன் கிழக்குக் கரையிலிருந்து டாக்டர் விட்லாக் என்று ஒருத்தர் வந்தார். சேர்க்கைத் துறைக்குத் துணைத்தலைவர். வந்த அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவருக்கு ஒரு வியாதி இருந்தது, தரவரிசை. நாட்டில் இருக்கிற பல்கலைக்கழகங்களையெல்லாம் பந்தயக் குதிரை மாதிரி வரிசைப்படுத்தி ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறார்களே, அதில் மேலே ஏற வேண்டும். ஏறுவதற்கு அவர் கண்ட வழி, வருகிறவர்களில் எத்தனை பேரை உள்ளே விடுகிறோம் என்பது குறைந்துகொண்டே போக வேண்டும். விரட்டியடித்தால்தான் மதிப்பு. விரட்டுவதற்கு முதலில் ஆள் வந்து வாசலில் நிற்க வேண்டுமே? ஆளைப் பிடித்துவந்து நிறுத்துகிற வேலை ரோண்டாவுக்கு வந்தது.

குன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பிள்ளைகளைக் கூடத்து ஓரத்தில் இருக்கிற கணினிகள் முன்னால் உட்காரவைத்து, அங்கேயே விண்ணப்பம் போடவைக்க வேண்டும். வந்த நாளிலேயே போட்டால் கட்டணம் கிடையாது என்று ஒரு சொக்குப்பொடி வேறு. ரோண்டா அதில் கெட்டிக்காரி. போகிற போக்கில் தோளில் கைவைத்து, "போட்டுவைடா கண்ணு, கையா வலிக்குது?" என்பாள். பிள்ளையும் போட்டுவிடும். விட்லாக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். முக்கால்வாசிப் பேருக்கு இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எங்கெங்கிருந்தோ பெரிய காரில் வருகிற பணக்காரப் பிள்ளைகள்தானே, நாலு பேருக்கு மூக்கு உடையட்டும் என்று நினைத்துக்கொண்டாள். வெளிமாநிலப் பிள்ளை மூன்று பங்கு கட்டணம் கட்டுகிறான், அவனை எதற்கு விரட்டப்போகிறார்கள் என்கிற கணக்கு மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வேற்று மாநிலத்து எண் பலகைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்த்தாள். அதையும் ஒரு வெள்ளிக்கிழமை நக்கலாக மாற்றிவிட்டு மறந்துபோனாள்.

அவள் மகள் கெல்சி பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் வந்தது. கெல்சிக்கு மாட்டு வைத்தியம் படிக்க ஆசை. அந்தப் படிப்பு இந்த மாநிலத்தில் குன்றில் மட்டும்தான் இருக்கிறது. சுமாராகப் படிக்கிற பெண், ஆனால் நாய்க்கு முள் குத்தினாலும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவளைத்தான் தேடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாலைந்து இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும், வடக்கே இருக்கிற கல்லூரிக்கும் வேறு படிப்புக்குப் போட்டுவைக்கிறேன் என்று கெல்சி வந்து கேட்டாள்.

"உன் தாத்தா கொதிகலன் எரிச்ச இடம்டி அது," என்றாள் ரோண்டா. "நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கு நாலு வாசல் எதுக்கு?"

கெல்சி அம்மா சொன்னபடி ஒரே இடத்துக்குப் போட்டாள். அதோடு நிற்கவில்லை ரோண்டா. டார்லா ஸ்ட்ரௌட் என்று அவளுக்கு ஒரு சிநேகிதி, ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடவே இருப்பவள். குன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு கோல்ட்டன் என்கிற பையனைத் தனியாக வளர்த்தவள். பையனுக்குப் பயிர் வளர்ப்பு படிக்க வேண்டும். மார்க்கில் கெல்சியைவிட எவ்வளவோ மேல். டார்லா கொஞ்சம் பயந்த சுபாவம், இரண்டு மூன்று இடத்தில் போட்டுவைக்கலாமா என்று கேட்டாள். ரோண்டா அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்தாள். இந்த மார்க்குக்குக் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போவார்கள், வெளியூருக்குப் போட்டு ஏன் காசைத் தொலைக்கிறாய் என்றாள். தன் கூடத்திலேயே, ஓரத்துக் கணினி முன்னால் கோல்ட்டனை உட்காரவைத்தாள். அவன் தோளிலும் கைவைத்து, "போட்டுவைடா கண்ணு" என்றாள்.

மார்ச்சில் முடிவு வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் கைப்பேசியைத் திறந்து பார்த்தார்கள். கெல்சிக்கு இல்லை. கோல்ட்டனுக்கும் இல்லை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று நாலு வரி, கீழே ஊதா நிறத்தில் நீர்நாய்.

கெல்சி அழவில்லை. அழுதிருந்தால் ரோண்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வடக்கே இருக்கிற கல்லூரிக்கு இனிமேல் போட முடியுமா என்று மட்டும் கேட்டாள். உதவித்தொகை இல்லாமல் அங்கே படிக்க முடியாது, அதற்கெல்லாம் குளிர்காலத்திலேயே கதவைச் சாத்தியாயிற்று. சரி என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டாள். ரோண்டா சமையலறையில் நின்று குன்றைத் திட்டினாள், விட்லாக்கைத் திட்டினாள், அவர் பரம்பரையைத் திட்டினாள். அவள் புருஷன் டுவைன் மாவட்டச் சாலையில் பனி அள்ளுகிற வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டுச் சொன்னான்.

"இங்க கத்தி என்ன ஆகப்போகுது? போய் அந்தாளைக் கேளு."

"அவன் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா? நானா?"

"உனக்காகவா நிக்கற? பொண்ணுக்குத்தானே."

சிபாரிசு என்கிற வார்த்தையே ரோண்டாவுக்கு ஆகாது. பணம் கொடுத்தவன் பேரன், கால்பந்துப் பயிற்சியாளரின் மச்சான் மகன் என்று கொல்லைப்புற வழியாக உள்ளே நுழைந்த ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கிழித்தவள் அவள். இப்போது அவளே அந்தக் கொல்லைப்புறத்தில் போய் நிற்க வேண்டும். இரண்டு நாள் குமைந்தாள். மூன்றாம் நாள் காரில் போகும்போதே பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். அப்பாவின் கொதிகலன், வாசல் கல், இவ்வளவு காலம் உழைத்தது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியும் தயார் செய்தாள். ஆகாவிட்டால் வேலையைத் தூக்கி அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வருவது என்று முடிவு.

விட்லாக் தன் அறையில் மத்தியானச் சாப்பாடு என்று பெட்டியில் அடைத்த பச்சிலையைத் தின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இதுவரைக்கும் இல்லாத அளவுக்கு இந்த வருஷம் குறைவாகத்தான் சேர்த்திருக்கிறோம், பட்டியலில் இந்தத் தடவை நல்ல ஏற்றம் இருக்கும், அதில் உங்கள் பங்கு பெரிது என்று அவர்பாட்டுக்குப் பேசினார். ரோண்டா நின்றபடியே கேட்டாள். கெல்சி ஹேவர்காம்ப் என்கிற பெண்ணுக்கு ஏன் இடம் இல்லை என்றாள்.

"தனிப்பட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்றது கஷ்டம் ரோண்டா. வெறும் மார்க்கை மட்டும் பாக்கறதில்லை நாங்க. ஒவ்வொருத்தரையும் முழு மனுஷரா வெச்சுப் பாக்கறோம்."

"அந்த முழு மனுஷி என் வயித்துல பொறந்தவ."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணா? நீங்க ஹேவர்காம்ப்பா?"

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ரோண்டா என்பதற்குக் கீழேயே அதுவும் அச்சடித்திருந்தது. இத்தனை வருஷமாக அந்த மனுஷனுக்கு அந்த இரண்டாவது வரியைப் படிக்க அவசியம் வரவில்லை. அவர் நாற்காலியைத் திருப்பிக் கணினியில் ஏதோ தேடினார், இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆச்சு. சாயங்காலத்துக்குள்ள அவளுக்குத் தகவல் போயிடும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

அவ்வளவுதான். கொதிகலனும் வேண்டியிருக்கவில்லை, வாசல் கல்லும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் தயங்கியிருந்தால், முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட, அந்தச் சேர்க்கைக்குப் பின்னால் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். பெண்ணை ஏன் தள்ளினார்கள் என்பதற்கும் காரணம் இல்லை, ஏன் சேர்த்தார்கள் என்பதற்கும் காரணம் இல்லை. எடுத்தெறிந்தார்கள், கேட்டதும் பொறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். ரோண்டாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. சந்தோஷமும் வந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

கதவருகில் போனவள் நின்றாள். கோல்ட்டனின் பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"சார், இன்னொண்ணு..."

விட்லாக் மறுபடி முள்கரண்டியை எடுத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது ரோண்டாவுக்கு. இரண்டு பேருக்குக் கேட்கப்போய், ஒருத்திக்குக் கிடைத்ததும் போய்விட்டால்? அவர் சேர்க்கைக் குழு, விதிமுறை என்று ஏதாவது ஆரம்பித்துவிட்டால்?

"ஒண்ணுமில்லை சார். ரொம்ப நன்றி."

கேட்டிருக்கலாம். கேட்டால் அடிக்கவா போகிறார்? இரண்டு தட்டு கெல்சிக்கு, இன்னும் இரண்டு தட்டு கோல்ட்டனுக்கு, பச்சிலை வாடுவதற்குள் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் குன்றையே தலைகீழாகப் பிடித்து உலுக்கின வாய், மேலே போனதும் இவ்வளவுதான் திறந்தது. படி இறங்கும்போதே அவளுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. கோல்ட்டன் மார்க் வாங்குகிற பையன், அவனுக்கு எங்கேயும் இடம் கிடைக்கும், பெற்றவள் அவள் மகளைத்தானே முதலில் பார்க்க முடியும் என்று சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் குன்றில் எல்லோருக்கும் நன்றாக வரும். அவளுக்கும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கெல்சிக்குத் தகவல் வந்தது. வீடே அதிர்ந்தது. எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, திருத்திக்கொண்டார்கள் என்றாள் ரோண்டா. டுவைன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டான். கெல்சி மாடியில் சிநேகிதிகளுக்குப் போன் போட்டுக் கூவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டார்லா வந்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கெட்டது நடந்தால் கையை வீசிக்கொண்டு போகமாட்டோம். கண்ணாடித் தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடுக்கி, சுடச்சுட அடுப்பிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவோம். சாவு வீட்டுக்கும் அதுதான், வேலை போன வீட்டுக்கும் அதுதான். டார்லாவின் கையில் அந்தத் தட்டு இருந்தது. தன் வீட்டிலும் அதே இடி விழுந்திருக்க, அவள் இங்கே ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள்.

"ரெண்டு வீட்டுக்கும் சேத்தே பண்ணிட்டேன்டி. அவன் ஒரு வாய்கூடத் தொடமாட்டேங்கறான். கெல்சியாவது சாப்பிடட்டும்."

ரோண்டா வாங்கி வைத்தாள். மாடியில் கெல்சி, "கிடைச்சிருச்சுடி, நிஜமா கிடைச்சிருச்சு" என்று கத்தினாள். டார்லா மாடிப்படியைப் பார்த்தாள், ரோண்டாவைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம்தான் வந்தது. அதை ரோண்டாவே பிற்பாடு சொல்லியிருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள் டார்லா. அப்புறம்தான் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். முடிவை மாற்றுகிறார்களா, கோல்ட்டனுக்கும் மாறுமா, எங்கே போய்க் கேட்க வேண்டும், நீதான் அங்கேயே இருக்கிறாயே என்று அடுக்கினாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் டார்லா மன்னித்திருப்பாள். ஆமாம்டி, போய்க் கெஞ்சினேன், பயத்தில் உன் பையன் பேரை விட்டுவிட்டேன், வா நாளைக்குச் சேர்ந்து போவோம் என்று சொன்னால் போதும். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், மறுநாள் வாசலில் வந்து நின்றிருப்பாள். ஆனால் டார்லாவைக் கூட்டிக்கொண்டு போனால் விட்லாக் என்ன நினைப்பார் என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறாளே என்று கெல்சியின் பேரையும் சேர்த்து அழித்துவிட்டால்? அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வாயிலிருந்து வந்தது கூடத்தில் பேசுகிற குரல்.

"அங்க வெறும் மார்க்கை மட்டும் பாக்கறதில்லை டார்லா. ஒவ்வொருத்தரையும் முழு மனுஷரா வெச்சுப் பாக்கறாங்க."

டார்லா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப என் புள்ளை அரை மனுஷனா?"

ரோண்டா தட்டைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"மத்த இடத்துல போடாதேன்னு சொன்னது நீதானே. பயந்தாங்கொள்ளின்னு சிரிச்ச."

டார்லா துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, தட்டு அங்கேயே இருந்தது. கெல்சி இறங்கிவந்து சந்தோஷத்தோடு இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ரோண்டா மீன் வறுவலுக்கு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். யாரோ குன்றைப் பற்றி எடுத்துக்கொடுத்தார்கள், விட்லாக் இந்த வாரம் என்ன கூத்து அடித்தார் என்று. ரோண்டா மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே, எல்லாவற்றையும் குறை சொல்லக் கூடாது, அவரவர் வேலையில் அவரவருக்குக் கஷ்டம் இருக்கும் என்றாள். மேஜையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கெல்சி எப்படி உள்ளே போனாள் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சின்ன ஊர், கழுத்து அட்டை போட்ட எங்கள் ஆட்கள் எல்லாத் தளத்திலும் கூட்டிப் பெருக்குகிறார்கள். கோல்ட்டன் பள்ளிக்கூடம் முடித்த மறுவாரமே பன்றி வெட்டுகிற ஆலையில் சேர்ந்தான்.

தட்டைத் திருப்பித் தராமல் எத்தனை நாள் இருப்பது? வெறும் தட்டாகத் தரவும் கூடாது. ரோண்டா அதைத் தேய்த்துக் கழுவி, வாழைப்பழ ரொட்டி சுட்டு, மேலே காகிதம் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போகிற தைரியம் இல்லை. கோடையில் ஒரு நாள் மத்தியானம், குன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றாள். அங்கே ஆட்கள் இருப்பார்கள், டார்லா சத்தம் போடமாட்டாள் என்கிற நினைப்பு. திட்டுவாங்கவும் தயாராகத்தான் போனாள். எல்லோர் முன்னாலும் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வது என்று இருந்தாள்.

டார்லா திட்டவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பேராசிரியர்களுக்கும் அவர்கள் மனைவிமார்களுக்கும் பரிமாறும்போது டார்லா ஒரு சிரிப்பு சிரிப்பாள். பல் மட்டும் தெரியும், கண் வேறெங்கோ இருக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றி ரோண்டாவும் அவளும் எத்தனையோ தடவை பேசிச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அதே சிரிப்போடு ரோண்டாவைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி மேடம். உருளைக்கிழங்கு வைக்கட்டுமா, பீன்ஸ் வைக்கட்டுமா?"

"டார்லா," என்றாள் ரோண்டா.

"ரெண்டும் வைக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, டார்லா அவளைத் தாண்டி அடுத்து நின்ற பையனிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. ரோண்டா தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, குன்றுக்காரர்கள் உட்காருகிற பக்கமாகப் போய் ஒரு காலி மேஜையில் உட்கார்ந்தாள்.